பவுன் ஒன்றுக்கு எத்தனை டன் பாறை?

தங்கம் தேடும் அறிவியலும் அது சேமிப்பாளருக்குச் சொல்லும் பாடமும்

உடும்பஞ்சோலை வட்டத்தில் ஏலக்காய் நல்ல விலைக்குப் போன ஆண்டில், கையில் சேரும் பணத்தின் ஒரு பங்கு நெடுங்கண்டத்திலோ, மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலோ உள்ள நகைக்கடைக்குச் செல்வது வழக்கம். மறு ஆண்டு விலை சரிந்து, உரத்துக்கும் மருந்துக்கும் கூலிக்கும் பணம் வேண்டியிருக்கும்போது, அதே நகை வங்கியின் நகைக்கடன் பிரிவுக்கு வருகிறது. பிறகு மகளின் திருமணத்துக்கு முன்பாக மீட்கப்படுகிறது. மலையோர மக்களுக்குத் தங்கம் அணிகலன் மட்டுமன்று. மழை பொய்த்தாலும் விலை பொய்த்தாலும் கைகொடுக்கும் சேமிப்பும் அதுவே.

அந்தத் தங்கத்தில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டு மண்ணிலிருந்து வந்தது. ஆண்டுதோறும் பல நூறு டன் தங்கத்தை இறக்குமதி செய்யும் நம் நாட்டில், உள்நாட்டுச் சுரங்கங்கள் அண்மை ஆண்டுகளில் தருவது ஆண்டுக்கு இரண்டு டன்னையும் எட்டாத அளவே. ஆகவேதான், ‘இன்ன மலையில் தங்கம் இருக்கிறது’ என்ற செய்தி வரும்போதெல்லாம் நாடு முழுவதும் ஆவல் எழுகிறது. அந்த ஆவலைப் பின்தொடர்ந்து முதலீடு கேட்டு வருவோரும் உண்டு. தங்கம் உண்மையில் எவ்வாறு தேடப்படுகிறது என்பதை அறிந்தவர், அத்தகைய பேச்சை எளிதில் எடைபோட்டுவிடலாம்.

ஓர் எளிய கணக்கு

தங்கம் எங்கும் இருக்கிறது. நாம் நிற்கும் சாதாரணப் பாறையிலும் இருக்கிறது. ஆனால் அதன் அளவு ஒரு டன்னுக்குச் சில மில்லிகிராம் மட்டுமே. டன்னுக்கு 4 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 8 கிராம் கொண்ட ஒரு பவுனைத் திரட்ட 2,000 டன் பாறையை உடைத்துப் பொடியாக்க வேண்டும். பத்து டன் ஏற்றும் லாரியில் அது இருநூறு லோடு. எந்த விலைக்கு விற்றாலும் இது கட்டுப்படியாகாது.

சுரங்கத்துக்குத் தகுதி பெறும் பாறையிலோ டன்னுக்குச் சில கிராம் இருக்க வேண்டும். 4 கிராம் இருந்தால் ஒரு பவுனுக்கு இரண்டு டன் பாறை போதும். மில்லிகிராம் கிராமாக வேண்டுமானால் இயற்கையே தங்கத்தை ஆயிரம் மடங்கு செறிவாக்கியிருக்க வேண்டும். பூமியின் ஆழத்தில் வெப்பமிக்க நீர்மங்கள் பாறை வெடிப்புகளின் வழியே மேலேறிய இடங்களில் இது நிகழ்ந்தது. அவை ஏந்திவந்த தங்கம், வெப்பமும் அழுத்தமும் மாறிய இடத்தில் குவார்ட்ஸ் எனப்படும் வெங்கச்சங்கல்லோடு சேர்ந்து படிந்தது. கந்தகமும் ஆர்செனிக்கும் பெரும்பாலும் உடன் படிந்தன.

இத்தகைய செறிவிலும் தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு டன் கல்லுக்குள் 8 கிராம் துகள்களாகச் சிதறிக் கிடக்கும்போது யார் கண்ணில் படும்? எனவே புவியியலாளர் முதலில் தங்கத்தைத் தேடுவதில்லை. தங்கத்தை ஏந்திவந்த நீர்மங்கள் விட்டுச்சென்ற தடத்தைத் தேடுகிறார்.

இரண்டு எல்லை மலைகள்

கேரளத்தின் தமிழக எல்லையில், தமிழ் ஒலிக்கும் இரண்டு மலைநிலங்கள் உள்ளன. தெற்கே இடுக்கி மாவட்டத்தில் உடும்பஞ்சோலை. வடக்கே, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, அட்டப்பாடி. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவையே. ஆயினும் தங்கத்தைத் தேடுவோரின் வரைபடத்தில் இரண்டும் ஒன்றல்ல.

உடும்பஞ்சோலைப் பகுதியின் பாறைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட்டும் நைசும் ஆகும். பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தில் வெந்து, தம்மிடமிருந்த நீரை இழந்த பாறைகள் அவை. உலகின் தொன்மையான தங்கச் சுரங்கங்கள் பெரும்பாலும் அமைந்திருப்பது அவ்வளவு வேகாத, பழைய எரிமலைக் குழம்பிலிருந்து உருவான பச்சைப்பாறைப் பட்டைகளில்தான். கர்நாடகத்தின் கோலாரும் ஹட்டியும் அத்தகைய பட்டைகளே. ஆகவே ஏலமலைகள் தங்கத்தேடலின் முதற்பட்டியலில் இடம்பெறுவதில்லை. எங்கே தேட வேண்டாம் என்று முடிவு செய்வதே இத்துறையின் முதல் சிக்கனம்.

அட்டப்பாடியின் நிலை வேறு. பவானியும் சிறுவாணியும் ஓடும் அப்பள்ளத்தாக்கு, பாறைகள் ஒன்றோடொன்று உரசி நழுவிய நீண்டதொரு பட்டையின்மேல் அமைந்திருக்கிறது. புவியியலாளர் அதனைப் பவானி நழுவுமண்டலம் என்பர். நொறுங்கிய பாறை, நீர்மம் மேலேறுவதற்கு வழி. பழைய எரிமலைப் பாறைகளும், காந்தக்கல் கலந்த இரும்புப் பாறைப் பட்டைகளும் அங்கே உள்ளன. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இங்கே மேற்கொண்ட ஆய்வுகளில், கோட்டத்தறை முதலிய இடங்களின் குவார்ட்ஸ் நரம்புகளில் தங்கம் இருப்பது உறுதிப்பட்டது.

ஓடை சொல்லும் சேதி

இத்தகைய தேடலின் முதற்படி பெரும்பாலும் ஓடையில் தொடங்குகிறது. ஓர் ஓடையின் அடிமணல், அதன் மேற்புறத்தில் உள்ள மலை முழுவதும் அரித்துத் தந்த மாதிரி. ஒரு கைப்பிடி மணலில் பல சதுர கிலோமீட்டர் நிலத்தின் செய்தி அடங்கியிருக்கிறது. நிலம்பூரில் சாலியாற்று மணலை மரவையில் அரித்துப் பொன்துகள் எடுத்த மக்கள் இந்த உண்மையைத் தலைமுறைகளாக அறிந்திருந்தனர். இன்றைய புவிவேதியியல் அந்த அறிவையே ஆய்வகத்தின் நுட்பத்தோடு தொடர்கிறது.

இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2001ஆம் ஆண்டு முதல் தேசியப் புவிவேதியியல் வரைபடப் பணியை நடத்திவருகிறது. நிலம் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தின் ஓடைப் படிவும் திரட்டப்பட்டு, அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களுக்காகச் சோதிக்கப்படுகிறது. ஒரு பகுதியின் மதிப்புகளை வரைபடத்தில் இட்டால், பெரும்பாலான கட்டங்கள் ஒரே அளவில் இருக்கும். சிற்சில கட்டங்கள் மட்டும் தனித்து உயர்ந்து நிற்கும். அந்தப் பிறழ்மதிப்புகளே அடுத்துச் செல்ல வேண்டிய இடங்கள்.

தங்கத்தை மட்டும் அளந்தால் ஏமாற நேரும். பாயசத்தில் முந்திரி போல் அது சீரின்றிக் கலந்திருக்கிறது. ஒரு கரண்டியில் இரண்டு முந்திரி வரும். அடுத்த கரண்டியில் ஒன்றும் வராது. ஒரே இடத்து மண்ணில் இருமுறை எடுத்த மாதிரிகள் இருவேறு மதிப்புகளைத் தருவது இத்துறையில் அன்றாட நிகழ்ச்சி. அதனால்தான் பெரிய அளவில் மாதிரி எடுக்கப்படுகிறது. கூடவே, தங்கத்தோடு சேர்ந்து பயணம் செய்யும் ஆர்செனிக், ஆன்டிமனி, பிஸ்மத், டெல்லூரியம், டங்ஸ்டன் ஆகியவையும் அளக்கப்படுகின்றன. இவை தங்கத்தைவிடச் சீராகப் பரவியிருப்பதால், அதன் இருப்பிடத்துக்கு வழிகாட்டும் துணைகளாகின்றன.

ஓடை காட்டிய திசையில் மலைச்சரிவுக்குச் சென்றபின், குறித்த இடைவெளியில் மண் மாதிரிகள் எடுக்கப்படும். மழை மிகுந்த நம் மலைகளில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. செம்பாறாங்கல் போர்வை பல மீட்டர் தடிமனாக மூடியிருப்பதால், சில தனிமங்கள் கரைந்து போயிருக்கும். சில மேற்பரப்பில் மிகையாகத் தங்கியிருக்கும். சரிவில் மண் நகர்ந்துவிடுவதும் உண்டு. பிறழ்மதிப்பு ஓரிடத்திலும் அதன் மூலம் மேலே வேறோர் இடத்திலும் இருக்கும்.

மரங்களும் சாட்சி சொல்வதுண்டு. ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி பகுதியில் யூகலிப்டஸ் மரங்களின் வேர்கள் பல மீட்டர் ஆழத்திலிருந்து தங்கத்தை உறிஞ்சி இலைகளில் சேர்ப்பதை 2013ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் மெய்ப்பித்தனர். அந்த இலைகளிலிருந்து நகை செய்ய இயலாது. ஆயினும் எங்கே துளையிடலாம் என்று அவை சொல்லும்.

தோண்டாமல் பார்த்தல்

மண் மேற்பரப்பின் செய்தியைத் தருகிறது. ஆழத்தைப் பற்றி அறியப் புவியியற்பியல் துணைபுரிகிறது. எந்தக் கருவியும் ஆழத்திலுள்ள தங்கத்தை நேரே காட்டுவதில்லை. சில கிராம் உலோகம் ஒரு டன் பாறையின் காந்தத்தன்மையையோ எடையையோ மாற்றிவிடாது. கருவிகள் காட்டுவது தங்கம் தங்கியிருக்கத் தகுந்த வீட்டைத்தான். வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதை அவை சொல்வதில்லை.

காந்த அளவீடு இரும்புப் பாறைப் பட்டைகளையும், அவை முறிந்து வளைந்த இடங்களையும் காட்டும். மின்தடை அளவீட்டில் இறுகிய குவார்ட்ஸ் நரம்பு உயர்ந்த தடையாகவும், நொறுங்கி நீர் தேங்கிய நழுவுமண்டலம் தாழ்ந்த தடையாகவும் தெரியும். தூண்டு முனைவாக்கம் என்றொரு முறையில், நிலத்தில் முளைகளை நட்டு மின்னோட்டம் செலுத்தி, திடீரென நிறுத்துவர். பாறைக்குள் கந்தகக் கனிமங்கள் சிதறியிருந்தால் மின்னழுத்தம் உடனே மறையாமல் மெல்ல மெல்லத் தணியும். தங்கம் அக்கனிமங்களோடு கூடியிருப்பது வழக்கமாதலால் இது மதிப்புமிக்க அடையாளம். ஆனால் தங்கமே இல்லாத பைரைட்டும், பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் இதே அடையாளத்தைத் தரும்.

பரந்த நிலத்துக்கு விமானம் பயன்படுகிறது. 2017ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய வான்வழிப் புவியியற்பியல் வரைபடத் திட்டத்தில், தாழப் பறக்கும் விமானங்கள் காந்தப்புலத்தையும் நிலத்தின் இயற்கைக் கதிரியக்கத்தையும் ஒருங்கே அளந்தன. பொட்டாசியத்தின் கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் பழைய வெந்நீர்மங்கள் பாறையை மாற்றியிருக்கக்கூடும்.

ஒரு சான்று மட்டும் இருந்தால் அது ஐயம். நழுவுமண்டலத்தின் முறிவு, மண்ணில் ஆர்செனிக், மின் அளவீட்டில் கந்தகக் கனிமத்தின் அடையாளம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால், அந்த இடமே இலக்கு. நகைக்கடன் வழங்குமுன் உரைகல்லும் தராசும் ஹால்மார்க் முத்திரையும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று பார்க்கும் மதிப்பீட்டாளரின் வழியும் இதுதான்.

நிறுத்தத் தெரிந்தவர் பிழைப்பர்

இலக்கு கிடைத்தபின் அகழி வெட்டப்படும். அதன்பின் வைரமுனைத் துளைப்பான் பாறையை உருளை உருளையாக வெளியே எடுக்கும். ஒவ்வோர் உருளையும் நீளவாக்கில் அறுக்கப்படும். ஒரு பாதி ஆய்வகம் செல்லும். மறுபாதி சாட்சியாகப் பாதுகாக்கப்படும். ஆய்வகத்தில் ஈயத்தோடு உருக்கித் தங்கத்தைப் பிரிக்கும் முறை, ஹால்மார்க் மையங்களில் நகையின் தூய்மையை அறியும் நெருப்புச் சோதனைக்கு உறவுமுறையே.

ஓடை மணலுக்கு ஆகும் செலவு சிறிது. துளைப்புக்கு ஆகும் செலவு மிகப் பெரிது. எனவேதான் இந்தியாவில் தேடல் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது: ஜி4 முன்னோட்டம், ஜி3 முதனிலை ஆய்வு, ஜி2 பொது ஆய்வு, ஜி1 விரிவாய்வு. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரே கேள்விதான் எழும்: மேலே செல்வதா, நிறுத்துவதா? பெரும்பாலான இலக்குகள் இந்த வாசல்களில் ஏதோ ஒன்றில் நின்றுவிடுகின்றன. அதைத் தோல்வி என்று எண்ணலாகாது. சிறிய செலவில் கிடைத்த ‘இல்லை’ என்ற பதில், பெரிய இழப்பைத் தடுத்த பதில்.

அட்டப்பாடியில் தங்கம் இருப்பது மெய். ஆயினும் அங்கே சுரங்கம் எதுவும் திறக்கப்படவில்லை. நரம்பில் தங்கம் இருப்பது வேறு, அதை எடுப்பது கட்டுப்படியாவது வேறு, எடுக்கத் தகுமா என்பது வேறு. இருளரும் முதுகரும் குறும்பரும் வாழும் நிலம் அது. அருகே அமைதிப் பள்ளத்தாக்கு. கோவைக்குக் குடிநீர் தருவது சிறுவாணி. இவற்றையெல்லாம் ஈடாக வைத்துப் பார்த்தபிறகே எந்தத் தங்கத்துக்கும் விலை சொல்ல முடியும்.

தேவாலாவில் நடந்தது

படிகளைத் தாண்டிக் குதித்தால் என்னவாகும் என்பதற்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. அட்டப்பாடிக்கு வடமேற்கே, கூடலூரை அடுத்த தேவாலாவும் பந்தலூரும் ஒரு காலத்தில் இலண்டன் பங்குச்சந்தையில் ஒலித்த பெயர்கள்.

வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியான இவ்விடங்களில் உள்ளூர் மக்கள் நெடுங்காலமாகப் பொன் அரித்து வந்தனர். 1874ஆம் ஆண்டில் ஆல்பா என்ற கம்பெனி குவார்ட்ஸ் நரம்புகளைத் தோண்டத் தொடங்கியது. 1879இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலராகப் பணியாற்றிய பிரஃப் ஸ்மித் இங்கே வரவழைக்கப்பட்டார். அவருடைய நம்பிக்கையூட்டும் அறிக்கை 1880இல் வெளிவந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இப்பகுதிக்கென இலண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் தொடங்கப்பட்டன. அவற்றின் அறிவிக்கப்பட்ட மூலதனம் நாற்பது இலட்சம் பவுண்டுக்கும் மேல்.

அப்போது வயநாட்டுக் காப்பித் தோட்டங்கள் நோயால் நலிந்திருந்தன. அந்தத் தோட்டங்களே தங்க நிலங்கள் என்ற பெயரில் பெருந்தொகைக்குக் கம்பெனிகளுக்கு விற்கப்பட்டன. பங்குதாரர் பணத்தில் பெரும்பகுதி நிலத்துக்கே போயிற்று. எஞ்சியதில் பாறை நொறுக்கும் இயந்திரங்கள் கடல் கடந்து வந்து மலையேறின. அந்த இயந்திரங்களுக்கு உணவாகத் தகுந்த பாறை எவ்வளவு உள்ளது என்பது மட்டும் அளக்கப்படவில்லை. நொறுக்கிப் பார்த்தபோது, பொறுக்கி எடுத்த மாதிரிகள் காட்டிய தங்கத்தில் சிறு பங்கே கிடைத்தது. சில ஆண்டுகளில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் ஹேடனும் ஹேட்சும் முறையாக மாதிரி எடுத்து ஆராய்ந்த அறிக்கை 1901ஆம் ஆண்டில்தான் வந்தது. முதலில் நடந்திருக்க வேண்டிய வேலை, எல்லாம் முடிந்தபின் நடந்தது.

அதே காலத்தில் தொடங்கிய கோலாரும் முதலில் தடுமாறியது. மைசூர் கம்பெனி மூடும் நிலைக்கு வந்தபோது, 1883இல் பொறுப்பேற்ற பிளம்மர் முன்னோர் தோண்டிவிட்டுச் சென்ற பழைய குழிகளின் தடத்தைப் பின்பற்றி ஆழத்தில் சாம்பியன் நரம்பைக் கண்டார். அந்த வயல் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கத்தைத் தந்து, 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்று, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாக அந்த ஆழத்தில் உழைத்தனர். தேவாலாவிலும் தங்கம் இருந்தது, கோலாரிலும் இருந்தது. நரம்பின் செறிவும் தொடர்ச்சியும்தான் வேறு. அவற்றை அளந்தே அறிய முடியும்.

செய்தியைப் படிக்கும் முறை

2020 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில் 3,000 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் இருப்பதாகச் செய்தி பரவியது. சில நாள்களில் புவியியல் ஆய்வு மையம் விளக்கம் தந்தது. அங்கே மதிப்பிடப்பட்டது 52,806 டன் தாதுப்பாறை. அதில் டன்னுக்குச் சராசரி 3.03 கிராம், மொத்தத் தங்கம் ஏறத்தாழ 160 கிலோ. தாதுவுக்கும் தங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர் ஒரு பெருக்கலில் அதைச் சரிபார்த்திருக்கலாம்.

அதைவிடக் கொடியது கனடாவின் பிரி-எக்ஸ் நிகழ்ச்சி. இந்தோனேசியாவின் பூசாங்கில் மாபெரும் தங்கப் படிவு இருப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. பங்கு விலை விண்ணைத் தொட்டது. 1997இல் வேறொரு நிறுவனம் தானே துளையிட்டுப் பார்த்தபோது சொல்லத்தக்க தங்கம் இல்லை. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்துகள் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஓய்வூதிய நிதிகளும் சிறு முதலீட்டாளர்களும் பெருந்தொகை இழந்தனர். அதன் விளைவாகவே, தகுதிபெற்ற வல்லுநர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிடாத கனிம அறிக்கையை வெளியிடக் கூடாது என்ற விதி 2001இல் கனடாவில் வந்தது.

ஆகவே, தங்கச் சுரங்கத்தில் பங்கு தருவதாக எவரேனும் அணுகினால், வாடிக்கையாளர்கள் சில வினாக்களைத் தயங்காமல் எழுப்ப வேண்டும். ஆய்வு எந்தக் கட்டத்தில் உள்ளது, ஜி4ஆ ஜி2ஆ? காட்டப்படும் எண் தாதுவின் எடையா, தங்கத்தின் எடையா? டன்னுக்கு எத்தனை கிராம் என்பது எத்தனை துளைகளின் சராசரி? மாதிரியைச் சோதித்தது யார், அவர் விற்பவருக்குத் தொடர்பில்லாதவரா? உரிமம் யார் பெயரில் உள்ளது? இந்தியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பின் தங்கம் போன்ற கனிமங்களின் சுரங்கக் குத்தகை அரசின் ஏலத்தின் வழியே வழங்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் தேடலுக்கென்றே தனி உரிமத்தையும் ஏற்படுத்தியுள்ளது. ஒருவருக்கு நிலம் சொந்தம் என்பதால் மட்டும் அதில் தங்கம் தோண்டும் அனுமதி கிடைத்துவிடுவதில்லை. புவியியல் ஆய்வு மையத்தின் பூகோஷ் இணையதளத்தில் வரைபடங்களை எவரும் பார்க்கலாம். இவற்றுக்கு எழுத்தில் விடை தர மறுப்பவரிடம் பணம் தருவதைத் தவிர்ப்பதே நலம்.

ஏலத்தோட்டம் வாங்கும் விவசாயி, முதலில் ஊற்றைப் பார்க்கிறார், பிறகு மண்ணைக் கையிலெடுத்துப் பார்க்கிறார், அண்டை அயலில் விசாரிக்கிறார், பத்திரத்தின் மூலத்தைச் சரிபார்க்கிறார், அதன்பிறகே முன்பணம் தருகிறார். தங்கம் தேடும் புவியியலாளரும் ஓடையில் தொடங்கி, மண்ணுக்கு வந்து, கருவியால் சரிபார்த்து, கடைசியில்தான் துளையிடுகிறார். பெட்டகத்தில் இருக்கும் ஒவ்வொரு பவுனுக்குப் பின்னாலும் உடைக்கப்பட்ட டன் கணக்கான பாறையும், அதற்கு முன் கைவிடப்பட்ட எத்தனையோ இலக்குகளும் இருக்கின்றன. பாடுபட்டுச் சேர்த்த சேமிப்புக்கும் அதே நிதானத்தைத் தருவது நம் கையில்தான் இருக்கிறது.